ஒத்திவைத்த கேள்வி

கிராண்ட் ஹார்டி மார்மன் நூலைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்து முடித்ததிலிருந்து ஒரு நெருடல் என்னை விடவில்லை. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. ஒரு வேதநூலை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு கூர்மையாக வாசித்த இன்னொருவரை நான் அண்மையில் கண்டதில்லை. நெருடல், தொடக்கத்திலேயே அவர் வாசகரோடு செய்துகொள்ளும் ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. இந்த நூலில் பேசுகிறவர்கள் என்றோ வாழ்ந்தவர்களா, அல்லது நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஓர் இளைஞனின் மனத்தில் பிறந்தவர்களா என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம், நூல் எதை எப்படிச் சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம் என்கிறார். நானும் உடனே சம்மதித்தேன். சமய நூல்களை ஆராயும் பல்கலைக்கழகத் துறைகளில் இன்று பெரும்பாலானோர் சம்மதிக்கிற வழிதான் இது. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு என்ன செய்வது? ஆனால் அதன் பிறகு மார்மன் நூலைத் திரும்பப் படித்தபோது கடைசி அதிகாரத்தில் தடுமாறி நின்றேன். மரோனை, தன் இனம் முழுவதும் அழிந்தபின் மிஞ்சிய ஒற்றை எழுத்தாளன், அங்கே வாசகனை நேராகப் பார்த்துப் பேசுகிறான். இதெல்லாம் உண்மையா இல்லையா என்று கடவுளிடமே கேட்டுத் தெரிந்துகொள் என்கிறான். ஐநூறு பக்கங்களுக்கு மேல் நடந்து வந்து சேரும் இடம் அந்தக் கேள்விதான். ஒரு நூல் எதைக் கேட்கச் சொல்லி முடிகிறதோ அதைக் கேட்காமல் இருப்பதையே நிபந்தனையாக வைத்துக்கொண்டு அந்த நூலை நன்றாக வாசித்ததாகச் சொல்ல முடியுமா?

இந்த ஒத்திவைப்பு எவ்வளவு பெரிய ஆசுவாசமாக வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1830 மார்ச்சில் பால்மைரா என்ற சிற்றூரில் கிராண்டினின் அச்சகத்திலிருந்து ஐயாயிரம் படிகளாக வெளிவந்த நாள் முதல், இது படிக்கப்படாமலே தீர்ப்பு வாங்கிய நூல். அடுத்த ஆண்டே அலெக்சாண்டர் கேம்பல் என்ற போதகர் இதை வரிவரியாகத் தாக்கி எழுதினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, திரித்துவம் சரியா, ஃப்ரீமேசன் கூட்டங்கள் கூடுமா என்று கடந்த பத்தாண்டுகளில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த சச்சரவுகள் அத்தனைக்கும் பழங்காலத் தீர்க்கதரிசி ஒருவர் விடை சொல்லிவைத்திருக்கிறாரே என்று கேட்டார். கூர்மையான கேள்வி அது, இன்றும் அதன் முனை மழுங்கவில்லை. ஆனால் கேம்பலாவது படித்துவிட்டு எழுதினார். பிறகு வந்தவர்களில் பலருக்கு மார்க் ட்வெயின் அடித்த தூக்கமருந்துக் கிண்டலே போதுமானதாக இருந்தது. மறுபக்கத்தில் நம்புகிறவர்கள் நூலுக்கு வெளியே சான்றுகளைத் தேடினார்கள். ஹியூ நிப்லி அரேபியப் பாலைவனத்தின் வழக்கங்களில் தேடினார். ஜான் வெல்ச் 1967-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் ஊழியம் செய்துகொண்டிருந்த இளைஞர். எபிரேயக் கவிதையில் உள்ளதுபோன்ற தலைகீழ் அடுக்கு அமைப்பு இந்நூலிலும் இருப்பதைக் கண்டு பரவசமடைந்தார். எதிர்ப்பவர்கள் குதிரையையும் எஃகையும் கோதுமையையும் கேட்டார்கள். கி.மு. 600 அளவில் எருசலேமை விட்டுப் புறப்பட்ட குடும்பத்தின் கையில், அதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின் பாபிலோனியச் சிறையிருப்பின்போதுதான் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான விவிலிய அறிஞர்கள் கருதும் ஏசாயாவின் பிற்பகுதி எப்படி வந்தது என்று கேட்டார்கள், அதுவும் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கிலப் பெயர்ப்பின் நடையோடு. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டு வழக்கில் நூல் கூண்டில் நின்றதே தவிர, அது சொன்ன கதையை உட்கார்ந்து கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஹார்டி உட்கார்ந்து கேட்டார். அவர் இந்நூலை வேதமாக ஏற்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர். ஆனால் தொழிலால் சீன வரலாற்று அறிஞர், சீமா சியனின் மாபெரும் வரலாற்று நூலைப் பற்றி எழுதியவர். ஒரு வரலாற்றாசிரியன் எதை எடுக்கிறான், எதை விடுகிறான், ஒரே நிகழ்ச்சியை எந்த இடத்தில் வைத்து எந்தப் பொருள் கொடுக்கிறான் என்று பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண்ணை நூலின் முதல் கதைசொல்லியான நீஃபையின் மேல் திருப்புகிறார். நூலின் தொடக்கத்தில், பித்தளைத் தகடுகளில் பொறித்த வேதத்தைக் கொண்டுவர நீஃபை இரவில் எருசலேமுக்குள் நுழையும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தகடுகளை வைத்திருக்கும் லாபான் குடித்துவிட்டுத் தன் வீட்டருகே விழுந்து கிடக்கிறான். நீஃபை அவன் வாளை உருவுகிறான். உருவியதும் முதலில் கண்ணில் படுவது பிடியின் பசும்பொன், வேலைப்பாட்டின் நயம், அலகின் எஃகு. அதன் பிறகுதான் கொல் என்று ஆவியானவரின் கட்டளை வருகிறது. நான் ஒருபோதும் இரத்தம் சிந்தியதில்லையே என்று நீஃபை பின்வாங்குகிறான். பிறகு காரணங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. இவன் எங்களைக் கொல்லப் பார்த்தான், எங்கள் சொத்தைப் பறித்தான், ஒரு தேசமே அவிசுவாசத்தில் அழிவதைவிட ஒரு மனிதன் அழிவது மேல். கடைசியில் தலைமயிரைப் பிடித்து வெட்டுகிறான். செத்தவனின் உடையைப் போட்டுக்கொண்டு அவன் குரலிலேயே வேலைக்காரனிடம் பேசுகிறான். சிறுவயதிலேயே இதைக் கேட்டு வளர்ந்த மார்மன் குழந்தைகளுக்கு இது கீழ்ப்படிதலின் கதை. ஆனால் நீஃபை இந்தச் சிறு தகடுகளைப் பொறிக்கத் தொடங்கும்போது எருசலேமை விட்டு முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன என்று நூலே வேறோர் இடத்தில் சொல்கிறது. அதற்குள் அண்ணன்மார்கள் பிரிந்துபோயிருக்கிறார்கள், இரண்டு இனங்களாகிவிட்டார்கள், அந்த வாளை மாதிரியாக வைத்து நீஃபை தன் மக்களுக்கு வாள்கள் செய்துகொடுத்திருக்கிறான். தோற்றுப்போன ஒரு குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு தன் இளமையின் முதல் கொலையை நியாயப்படுத்தி எழுதுகிற ஒருவனாக அவனைப் பார்த்தவுடன் அந்தப் பகுதி முழுவதும் வேறு ஒளியில் தெரிகிறது. அண்ணன்மார் லேமனும் லெமுவேலும் ஏன் இவ்வளவு தட்டையாக, முறுமுறுக்கும் இரண்டு வாய்களாக மட்டும் வருகிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்குகிறது.

இங்கேதான் என் சிக்கலும் ஆரம்பிக்கிறது. நீஃபை தன் மகன் யாரையும் குறிப்பிடாமல் தகடுகளைத் தம்பி யாக்கோபிடம் ஒப்படைக்கிறான். இந்த மௌனத்தை எப்படி வாசிப்பது? நீஃபை வாழ்ந்த மனிதன் என்றால் அது ஒரு தகப்பனின் மௌனம். மகன் இல்லாத ஏக்கமோ, இருந்தும் கைவிட்டுப்போன வலியோ அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும், நாம் அறியவே முடியாத ஏதோ ஒன்று. நீஃபை ஒரு கதாபாத்திரம் என்றால் அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆசிரியனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அல்லது ஆசிரியன் தெரிந்தே விட்டிருக்கலாம். அப்படியானால் 1829-இன் வசந்தத்தில் இருபத்துமூன்று வயதில், அதிகம் பள்ளிக்குப் போகாத ஜோசப் ஸ்மித் என்ற விவசாயி மகன், சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுத, திரும்பிப் பார்க்காமல் இப்படி ஒரு குறைகாட்டும் கதைசொல்லியைப் படைத்தான் என்று ஏற்க வேண்டும். அது அமெரிக்க இலக்கியத்தின் பெரிய அதிசயங்களில் ஒன்று. மூன்று மௌனங்களும் ஒன்றல்ல. நாம் எந்த மௌனத்தைக் கேட்கிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு மௌனத்துக்குப் பொருள் சொல்வது எப்படி? ஹார்டி அந்த முடிவைத் தள்ளிப்போட்டுவிட்டே பொருள் சொல்கிறார். நானும் பக்கத்துக்குப் பக்கம் தலையாட்டிக்கொண்டு போகிறேன். புத்தகத்தை மூடியதும்தான், உணர்ச்சிவசப்பட்டது யாருக்காக என்று மனம் கேட்கிறது. இதற்கு ஒரு பதில் உண்டு. நாவலின் பாத்திரங்களுக்காகவும் அழுகிறோமே, அங்கெல்லாம் இந்தக் கேள்வி வருவதில்லையே என்று சொல்லலாம். ஆனால் நாவல் தன்னை நாவல் என்று ஒப்புக்கொண்டுதான் நம் கையில் வருகிறது. மார்மன் நூல் தன்னைக் கண்ட சாட்சிகளின் கையொப்பங்களை முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ சுமந்துகொண்டு வருகிறது. முதலில் மூன்று பேர், பிறகு எட்டுப் பேர், ஸ்மித் பெயர்த்ததாகச் சொன்ன பொன் தகடுகளைப் பார்த்தோம் என்று.

கையெழுத்துப் பிரதிகளின் பக்கம் போனால் மனம் கொஞ்சம் அடங்குகிறது. ஸ்மித் சொல்லச்சொல்லப் பெரும்பாலும் ஆலிவர் கவுடரி எழுதிய மூலப்பிரதியை, 1841-இல் நாவூ நகரில் கட்டத் தொடங்கிய ஒரு விடுதியின் மூலைக்கல்லுக்குள் வைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, ஸ்மித்தின் மனைவி எம்மாவின் இரண்டாம் கணவர் அந்தக் கல்லைத் திறந்தபோது ஈரமும் பூஞ்சையும் பெரும்பகுதியைத் தின்றிருந்தன. இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 28 விழுக்காடு. ராயல் ஸ்கவுசன் என்ற மொழியியலாளர் 1988-இல் தொடங்கி, இந்தச் சிதிலங்களையும் அச்சகத்துக்காக எடுத்த நகலையும் பிந்தைய பதிப்புகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, 2009-இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக மிகப் பழைய பாடத்தைக் கொண்டுவந்தார். மை எங்கே தடித்திருக்கிறது, எழுதுகோலை எங்கே மறுபடி நனைத்திருக்கிறார்கள், எந்தத் திருத்தம் எழுதும்போதே விழுந்தது, எது பிறகு சேர்ந்தது என்று பார்க்கிற வேலை. கோரியாண்டமர் என்ற பெயர் வருகிற ஓர் இடத்தில் கவுடரி காதில் விழுந்தபடி ஒலிக்கு ஏற்ப எழுதுகிறார். உடனே அடித்துவிட்டு, கடைசி எழுத்துகளுக்கு நடுவே உயிரெழுத்தே இல்லாத விசித்திரமான வடிவில் திருத்துகிறார். ஆங்கிலம் பேசுகிற எவனும் காதால் கேட்டு அப்படி எழுதமாட்டான். அந்த அடித்தலைப் பார்க்கும்போது அந்த அறையே கண்முன் வருகிறது. தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒருவன் எழுத்துக்கூட்டிச் சொல்கிறான், மேசைக்கு அப்பால் இன்னொருவன் திருத்துகிறான். அச்சு நகலில் நிறுத்தக்குறி என்று அனேகமாக எதுவும் இல்லை. ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் முதல் தாள்களை அங்கிக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு வந்ததையும், எழுத்துக்கோக்கும் ஜான் கில்பர்ட் அவற்றைச் சில மாலைகளில் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பென்சிலால் குறிகள் இட்டதையும் கில்பர்ட்டே முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் வேதவாக்கியமாக ஓதுகிற வாக்கியங்கள் எங்கே முடியவேண்டும் என்று முதலில் தீர்மானித்தவர் அந்த நூலை நம்பாத ஓர் அச்சுத் தொழிலாளி. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஸ்கவுசன் நம்புகிறவர். ஸ்மித் தன் கண்முன் தெரிந்த ஒரு பாடத்தைப் பார்த்துத்தான் வாசித்தார் என்பது அவர் முடிவு. கோரியாண்டமர் போன்ற இடங்கள் அவருக்குச் சான்று. வில்லியம் டேவிஸ் 2020-இல் எழுதிய புத்தகத்தில் அதே பிரதியை அந்தக் காலத்துப் பிரசங்கிகளின் வழக்கத்தோடு சேர்த்துப் பார்க்கிறார். தலைப்புகளை முன்கூட்டியே மனத்தில் வகுத்துக்கொண்டு, மேடையில் நின்ற இடத்தில் வார்த்தைகளைப் பெருக்கிப் பேசுகிற மெத்தடிஸ்ட் போதகரின் பயிற்சி இந்நூலின் எலும்புக்கூட்டில் தெரிகிறது என்கிறார். இருவரும் மற்றவரின் வேலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முதலில் சொல்லி எழுதிய 116 பக்கங்கள் தொலைந்துபோன பிறகு, ஸ்மித் நூலின் நடுவிலிருந்து தொடங்கி முடிவு வரை சொல்லிவிட்டு, பிறகுதான் நீஃபையின் தொடக்கப் பகுதிகளைச் சொன்னார் என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள், எந்த அணியைச் சேர்ந்தவராயினும், ஏற்கிறார்கள். அதாவது லாபானின் வாள் உருவப்படும் காட்சி, அந்த வாளைப் பிற்கால மன்னன் ஒருவன் தன் மகனிடம் ஒப்படைக்கும் இடத்துக்குப் பிறகு சொல்லப்பட்டது. ஆக, ஒத்திவைப்பு இங்கே உண்மையாகவே வேலைசெய்கிறது. மையும் தாளும் யாருடைய விசுவாசத்தையும் கேட்பதில்லை. கேள்வி ஓரத்தில் கிடந்தாலும் பாடம் திருந்துகிறது. ஆனால் இது என் நெருடலுக்கு மருந்தாகுமா என்று யோசித்தால், ஆகவில்லை. பாடத்தை நிறுவுவது வாசிப்பின் வாசல், வீடு உள்ளே இருக்கிறது.

உள்ளே போகிற இன்னொரு வழியை ஆன் டேவ்ஸ் 2016-இல் முன்வைத்தார். எம்மா தன் கடைசிக் காலத்தில் மகனிடம் சொன்ன ஒரு நினைவு இருக்கிறது. தகடுகள் ஒரு சின்ன லினன் மேசைத்துணியில் சுற்றி மேசைமேல் கிடந்தனவாம். அவள் துணியை விலக்கவில்லை. மேலாகவே தடவி உருவத்தை உணர்ந்திருக்கிறாள். கெட்டித்தாள் போல வளையுமாம், ஓரத்தைப் பெருவிரலால் நெருடினால் உலோகச் சத்தம் வருமாம். வீட்டைக் கூட்டும்போது அதை எடுத்து நகர்த்தியும் வைப்பாள். துணிக்கு அடியில் ஏதோ இருந்தது என்பதை மறுக்கவும் முடியாது, அது பழங்காலப் பொன் என்று ஏற்கவும் முடியாது என்ற நிலையில் டேவ்ஸ் கேட்கிறார்: ஸ்மித் தானே தகரத்தில் ஏதோ ஒன்றைச் செய்து, அது விசுவாசத்தினால் பொன் தகடாக மாறும் என்று மனதார நம்பியிருக்கலாமே, ரொட்டியை எடுக்கும் கத்தோலிக்கக் குரு அதைக் கிறிஸ்துவின் உடல் என்று நம்புவதைப்போல? ஏமாற்றுக்காரன், தீர்க்கதரிசி என்ற இரண்டு பெட்டிகளுக்கும் வெளியே ஒரு மனிதனைப் பார்க்கும் முயற்சி இது. இதன் பரிவு என்னைத் தொடுகிறது. ஆனால் இந்தப் பரிவுக்கு யார் நன்றி சொல்வார்கள்? நம்புகிறவருக்கு இது தகரம். நம்பாதவருக்கு இது சுற்றிவளைத்த சலுகை. இருந்தாலும் டேவ்ஸ் கேள்வியைத் தள்ளிப்போடவில்லை. துணிக்கு அடியில் என்ன என்று துணிந்து கேட்கிறார், பதிலும் சொல்கிறார். அதற்காகவே ஹார்டியைவிட இவர் எனக்குச் சில நாட்களில் நெருக்கமாகத் தெரிகிறார்.

ஒத்திவைப்பை என்னால் தாங்க முடியாமல் போவது வேறோர் இடத்தில். இந்நூல் முதலில் யாருக்காக என்று அதன் தலைப்புப்பக்கமே சொல்கிறது: லேமனின் வழித்தோன்றல்களுக்கு. ஸ்மித்தும் சீடர்களும் அவர்களை அமெரிக்கப் பழங்குடிகள் என்று கண்டார்கள். நூல் வெளிவந்த ஆண்டின் இறுதியிலேயே கவுடரியும் துணைவர்களும் புறப்பட்டு, பனியில் நடந்து மிசௌரியின் மேற்கெல்லையைத் தாண்டி டெலவேர் மக்களிடம் போய், இதோ உங்கள் முன்னோரின் நூல் என்று நீட்டினார்கள். அந்த நூலில் லேமனியர் சாபத்தால் தோல் கறுத்தவர்கள். கடைசிக் காலத்தில் மனம் திரும்பும்போது வெண்மையான, இனிய மக்களாவார்கள் என்று ஒரு வசனம். 1840 பதிப்பில் அந்த இடத்தில் 'வெண்மையான' என்ற சொல் 'தூய' என்று மாறியது. ஆனால் பிந்தைய பதிப்புகள் வேறு மூலத்திலிருந்து வந்ததால் வெண்மையே நின்றது. 1981-இல்தான் மறுபடி தூய்மை வந்தது. அதே 1981 பதிப்பின் முன்னுரை லேமனியரே அமெரிக்க இந்தியரின் முதன்மையான முன்னோர் என்றது. மரபணு ஆய்வுகள் ஆசியாவைச் சுட்டிய விவாதங்களுக்குப் பிறகு, 2006-இல் அது 'முன்னோர்களில் அடங்குவர்' என்று தணிந்தது. பாட ஆய்வாளருக்கு இவை பாடபேதங்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நவஹோ முதலான பழங்குடிகளின் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பள்ளிப் படிப்புக்காக என்று தாய்தகப்பனை விட்டு ஆண்டுதோறும் மார்மன் வெள்ளையர் வீடுகளில் வளர்க்கப்பட்டார்கள். 1954-இல் முறைப்படித் தொடங்கிய அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய ஸ்பென்சர் கிம்பல், 1960-இல் சபையின் பொதுக்கூட்ட மேடையில், அந்தப் பிள்ளைகளின் நிறம் வெளுத்துவருவதாக மகிழ்ச்சியோடு சொன்னார். வசனம் நிறைவேறுகிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த மேடைக்குக் கீழே நின்ற ஒரு நவஹோ சிறுமிக்கு நீஃபை வாழ்ந்தானா இல்லையா என்பது ஓரமாக வைக்கக்கூடிய கேள்வியா? அவள் யார் என்பதையே அந்தக் கேள்விதான் தீர்மானித்தது.

இப்படி எழுதிவிட்டு நிறுத்தினால் நியாயமாகாது. ஜாரெட் ஹிக்மன் 2014-இல் எழுதிய கட்டுரை, உள்ளே இருந்தபடியே இந்த நூலின் இனவாதத்தை உடைக்கிறது. கதை சொல்கிறவர்கள் அனைவரும் நீஃபையர். எனவே கறுத்த தோல், சாபம் என்பதெல்லாம் வென்றவர் பார்வை, அதுவும் கடைசியில் பூண்டோடு அழியப்போகிறவர்களின் பார்வை என்கிறார். அவர் விரல் வைக்கும் இடம் அபாரமானது. லேமனியனான சாமுவேல் நகர மதிலின்மேல் ஏறி நின்று நீஃபையருக்குத் தீர்க்கதரிசனம் சொல்கிறான், கல்லும் அம்பும் எறிகிறார்கள். பிறகு உயிர்த்தெழுந்த கிறிஸ்து அந்த மக்களுக்குத் தோன்றும்போது ஏடுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறார். சாமுவேல் சொன்ன ஒன்று நிறைவேறியும் அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள் என்று கேட்டு எழுதவைக்கிறார். வேதத்தைச் சரிபார்க்க வந்த கடவுள், விடுபட்ட லேமனியக் குரலைத்தான் முதலில் கேட்கிறார். யார் எழுதினார்கள் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் இந்த இடத்துக்கு யாராவது வந்திருப்பார்களா என்று தெரியவில்லை. நான் குறை சொல்கிற ஏற்பாடுதான் எனக்கு மிகப் பிடித்த இந்த வாசிப்பையும் சாத்தியமாக்கியது. இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

ஸ்மித்தின் கைக்கு வந்த எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களின் விஷயத்தில் முடிச்சு எதுவும் இல்லை. 1835-இல் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்துக்கொண்டு வந்த ஒருவரிடமிருந்து நான்கு மம்மிகளையும் சுருள்களையும் 2,400 டாலருக்கு வாங்கி, அவற்றிலிருந்து ஆபிரகாமின் நூல் என்று ஒரு வேதத்தை ஸ்மித் வெளியிட்டார். சுருள்கள் 1871-இன் சிகாகோ பெருந்தீயில் எரிந்துபோயின என்றே பலரும் நம்பியிருந்தார்கள். எகிப்தில் பிறந்த காப்டிக் கிறிஸ்தவரும் யூட்டா பல்கலைக்கழக வரலாற்றாசிரியருமான அசீஸ் அதியா, 1966-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் வேறு எதையோ தேடும்போது, ஆபிரகாம் நூலோடு அச்சில் பார்த்துப் பழகிய சிங்கக்கட்டில் படத்தின் அசல் அவர் கண்ணெதிரே கிடந்தது. கிழிந்துபோன பகுதிகளைப் பின்தாளில் யாரோ பென்சிலால் நிரப்பியிருந்தார்கள். எகிப்தியலாளர்கள் படித்தார்கள். ஹோர் என்ற குருவோடு புதைத்த இறுதிச்சடங்கு நூல் அது. ஆபிரகாமின் காலத்துக்கு வெகு பிந்தியது, ஆபிரகாமின் பெயரும் அதில் இல்லை. அந்தத் துண்டுகளில் ஆபிரகாம் இல்லை என்பதை 2014-இல் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையே தன் கட்டுரையில் ஒப்புக்கொண்டது. சுருள் ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்திருக்கலாம் என்ற விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. இதற்குப் பிறகும் உண்மைக் கேள்வியை விட்டுவிட்டு ஆபிரகாம் நூலின் படைப்புக் கோட்பாட்டைப் பற்றி மட்டும் பேசும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்த மரியாதை யாரைக் காக்கிறது? ஃபான் பிராடி, ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதற்காக 1946-இல் சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1993 செப்டம்பரில் ஒரே மாதத்தில் ஆறு எழுத்தாளர்களும் அறிஞர்களும் தண்டிக்கப்பட்டார்கள். கேட்டவர்கள் விலை கொடுத்த இடத்தில், கேட்காமல் இருப்பது முறையியலின் நேர்த்தி மட்டும்தானா என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். இன்றைய ஆய்வாளர்களின் நேர்மையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் நிற்கிற தரையைப் பற்றிச் சொல்கிறேன்.

பி. எச். ராபர்ட்ஸ் நின்ற தரை இன்னும் கடினமானது. இங்கிலாந்தில் 1857-இல் பிறந்து, சிறுவனாகச் சமவெளியை நடந்தே கடந்து யூட்டா வந்து, கொல்லுப்பட்டறையில் வேலைசெய்து வளர்ந்தவர். சபையின் உயர்பொறுப்பாளர்களில் ஒருவர், மார்மன் நூலுக்கு ஆதரவாகப் பெருநூல் எழுதியவர். 1921-இல் வெளியார் ஒருவர் அனுப்பிய ஐந்து கேள்விகள் அவர் மேசைக்கு வந்தன. குதிரை, எஃகு, பட்டு, வளைவாள், இத்தனை இந்திய மொழிகள் இவ்வளவு குறுகிய காலத்தில் எப்படிப் பிரிந்தன என்பவை. பதில் எழுத உட்கார்ந்தவருக்குக் கேள்விகள் பெருகின. 1922 ஜனவரியில் சபைத் தலைவர்கள் முன் இரண்டு நாட்கள் தன் அறிக்கையைப் படித்தார். அவர்கள் விசுவாச சாட்சி சொன்னார்கள், பதில் சொல்லவில்லை. ராபர்ட்ஸ் மேலும் எழுதினார். வெர்மான்டில் 1823-இல் வெளிவந்த, அமெரிக்க இந்தியர் இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரத்தார் என்று வாதிட்ட ஈதன் ஸ்மித்தின் புத்தகத்தையும் மார்மன் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் ஒற்றுமையாக எடுத்தார். ஜோசப்பின் தாய் தன் நினைவுகளில் எழுதிய ஒரு மாலைக்காட்சியை எடுத்தார்: இன்னும் தகடுகள் கைக்கு வராத அந்தப் பையன், குடும்பம் சுற்றி உட்கார்ந்திருக்க, இந்தக் கண்டத்தின் பழைய மக்கள் என்ன உடுத்தினார்கள், எந்த மிருகத்தின்மேல் ஏறிப்போனார்கள், எப்படிக் கட்டினார்கள், எப்படிப் போரிட்டார்கள் என்று அவர்களோடு வாழ்ந்தவன்போல் சொல்லிக்கொண்டிருப்பானாம். இப்படிப்பட்ட கற்பனை ஒருவனுக்கு இருந்தால் இந்த நூலை அவனே ஆக்கியிருக்க முடியுமா என்று ராபர்ட்ஸ் தன்னைத்தானே கேட்டு, முடியும் என்று எழுதினார். எழுதிய கையோடு மிஷன் தலைவராகக் கிழக்கே போய் அதே நூலைப் பிரசங்கித்தார். 1933-இல் இறக்கும்வரை பகிரங்கமாக அதற்குச் சாட்சி சொன்னார். அந்த ஆய்வு 1985-இல்தான் அச்சானது.

அவர் நம்பிக்கை இழந்தார் என்று ஒரு தரப்பும், எதிராளியின் வாதத்தை வலுவாகச் சொல்லிப்பார்த்தார், அவ்வளவே என்று மறுதரப்பும் இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இழுபறியில் எனக்கு ஆர்வமில்லை. அவருடைய பக்கங்களை ஒரு வாசிப்பாகப் படிக்கிறேன். போர்க் காட்சிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதை, தீர்க்கதரிசிக்குச் சவால்விடும் கிறிஸ்து எதிர்ப்பாளர்கள் மூன்று முறை அனேகமாக ஒரே சொற்களோடு வருவதை, மனம் திரும்புகிறவர்கள் மயங்கி விழும் காட்சிகளில் நியூயார்க் எழுப்புதல் கூட்டங்களின் வியர்வை வீசுவதை அவர் எடுத்துக்காட்டும்போது, ஹார்டிக்குக் கண்ணில் பட்ட நுணுக்கங்களுக்குக் குறையாத நுணுக்கங்கள் அவருக்கும் பட்டிருக்கின்றன. தொண்ணூறு ஆண்டு முன்னதாக, கேள்வி முழுவதும் நடுமேசையில் கிடக்க. தன் வாழ்நாளை எதில் வைத்திருந்தாரோ அது கரைகிறதா என்று பார்த்துக்கொண்டே வரி வரியாகப் படித்த ஒருவரின் கவனம் அது. மார்மன் வேதத்தைப் படிக்க வருகிற மாணவருக்கு ஹார்டியை முதலில் கொடுங்கள், தயக்கமில்லாமல் சொல்வேன். ராபர்ட்ஸின் அந்த ஆய்வையும் கூடவே கொடுங்கள், விசுவாசத்தைக் குலைக்கும் ஆவணம் என்ற பெயரில் பூட்டிவைக்காமல், பழைய சர்ச்சை என்ற பெயரில் வரலாற்று வகுப்புக்குத் தள்ளிவிடாமல், அதே நூலை வாசிக்கும் வகுப்பிலேயே.